ஊசி போடாத நர்ஸ்

லீட்ஸ், இங்கிலாந்து,
ஜனவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அத்தானும் பிள்ளைகளும் நலமா? போன வாரம் போனில் அம்மா கேட்டது இன்னும் காதிலேயே கிடக்கிறது. "ஊசி போடவில்லை, கட்டுப் போடவில்லை, வீடு வீடாகப் போய்ப் பேசிவிட்டு வருகிறாய். இதற்கா கல்லிடைக்குறிச்சியிலிருந்து கப்பல் ஏறினாய்?" ஏறியது விமானம் என்று சொல்லி மழுப்பிவிட்டேன். பதிலை இதில் எழுதுகிறேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டு.

என் வேலைக்கு கேஸ் மேனேஜர் என்று பெயர். நான்கைந்து நோயோடு வீட்டில் இருக்கும் வயதானவர்கள், அடிக்கடி ஆம்புலன்ஸில் போய்த் திரும்புகிறவர்கள்தான் என் பொறுப்பு. இதயத்துக்கு ஒரு டாக்டர், சிறுநீரகத்துக்கு ஒருவர், சர்க்கரைக்கு ஒருவர் இருக்கிறார்கள். ஆளை முழுதாகப் பார்க்க ஒருத்தி வேண்டுமே, அது நான்.

ஒரு தாத்தாவைப் பற்றிச் சொல்கிறேன் (ஊர், பெயர் கேட்காதே, சொல்லக் கூடாது). எண்பதைத் தாண்டியவர், தனியாக இருக்கிறார், இதயம் பலவீனம். கால் வீங்கி, மூச்சுத் திணறி, இந்தக் குளிர்காலத்தில் மட்டும் மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். ஒவ்வொரு தடவையும், உடம்பில் சேர்ந்த நீரைச் சிறுநீராக இறக்கும் நீர் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்து அனுப்பினார்கள். நான் போய் அவர் அடுக்களையில் உட்கார்ந்தேன். அலமாரியில் மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் அடுக்கி இருந்தன. ஏன் என்று கேட்டால் மழையைப் பற்றிப் பேசினார். இரண்டாவது தேநீருக்குப் பிறகுதான் உண்மை வந்தது. இங்கே பழைய வீடுகளில் பெரும்பாலும் கழிப்பறை மாடியில் இருக்கும். மாத்திரை போட்டால் அரைமணிக்கு ஒருதரம் படி ஏற வேண்டும். மூச்சு வாங்குகிற மனிதர் மாத்திரையையே விட்டுவிட்டார். வெளியே சொல்ல வெட்கம்.

அதன் பிறகு நான் செய்தது எல்லாம் போன் பேசியதுதான். கீழே வைக்க ஒரு கமோடு நாற்காலி, படிக்கு இன்னொரு கைப்பிடி, மருந்துக்கடையில் கிழமைவாரியாகப் பிரித்த மாத்திரைப் பெட்டி. தினமும் காலையில் எடை பார்க்கிறார். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் உடம்பில் நீர் கோக்கிறது என்று அர்த்தம், உடனே எனக்குச் சொல்ல வேண்டும். ஆறு வாரமாக அந்தத் தெருவுக்கு ஆம்புலன்ஸ் வரவில்லை.

இதைக் கேட்டு இந்த ஊரைச் சொர்க்கம் என்று நினைத்துவிடாதே. 1948 முதல் இங்கே வைத்தியத்துக்குக் காசு இல்லை, உண்மைதான். புண்ணுக்குக் கட்டுப் போட்டால் அது வைத்தியம். ஆனால் குளிப்பாட்டிவிட ஆள் வந்தால் அது பராமரிப்பாம். 23,250 பவுண்டுக்கு மேல் சேமிப்பு உள்ளவர் முழுச் செலவையும் தாமே கொடுக்க வேண்டும். உடம்பு ஒன்று, அலுவலகம் இரண்டு, படிவம் எத்தனையோ. போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டு காத்திருப்பதிலேயே என் பாதி நாள் போகிறது.

அந்த அலமாரியைத் திறந்தபோது அப்பாவின் மாத்திரை மஞ்சள் பை ஞாபகம் வந்தது. இரண்டு இடத்தில் காட்டி, ஒரே பிரஷர் மாத்திரையை இரண்டு கம்பெனிப் பெயரில் சாப்பிட்டுத் தார்சாவில் தலைசுற்றி விழுந்தாரே! இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்துக் கண்டுபிடித்தது நீதான். நான் அப்போது நர்சிங் மூன்றாம் வருஷம், எனக்குத் தோன்றவே இல்லை.

அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன். மக்களைத் தேடி மருத்துவத்தில் அம்மாவுக்கு மாத்திரை கொண்டுவரும் பெண்ணிடம், அம்பாசமுத்திரம் டாக்டர் எழுதிய சீட்டையும் காட்டு. இன்னொன்று, அம்மா ராத்திரியில் தண்ணீரே குடிப்பதில்லை என்றாயே. புறவாசல் கக்கூசுக்கு இருட்டில் இரண்டு படி இறங்க வேண்டும் என்பதாலோ என்று எனக்குச் சந்தேகம். நேராகக் கேட்டால் தாகமில்லை என்பாள். வெற்றிலை இடிக்கும்போது பேச்சோடு பேச்சாகக் கேள். ஆமாம் என்றால் அத்தானிடம் சொல்லி அங்கே ஒரு விளக்கும், சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு பைப்பும் போடச் சொல். இறங்கும்போது வலது கைக்கு வருகிற பக்கமாக இருக்கட்டும். இடது தோளை அவளால் தூக்க முடியாது. பணம் இந்த வாரமே அனுப்புகிறேன்.

அப்பளம் தீர்ந்துவிட்டது.

அன்புடன்,
உன் தங்கை