அரையும் காலும்: ஆறாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன வாரம் ஆறாம் வகுப்புக் கணக்கு ஆசிரியர் விடுப்பில் இருந்ததால் அந்தப் பாடவேளைக்கு நானே போனேன். கரும்பலகையில் 1/2 + 1/4 என்று எழுதி ஒரு பையனைக் கூப்பிட்டேன். மேலே உள்ளதை மேலேயும், கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி, 2/6 என்று எழுதிவிட்டு சாக்பீஸை வைத்தான்.

"சரி, அரைக் கிலோ தக்காளியும் கால் கிலோ வெங்காயமும் வாங்கினா, மொத்தம் எவ்வளவு?"

"முக்கால் கிலோ, டீச்சர்." யோசிக்கக்கூட இல்லை.

திரும்பிப் பலகையைப் பார்த்தவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. 2/6 என்றால் மூன்றில் ஒன்றுதானே? முதலில் கையில் இருந்த அரையைவிடவே குறைவு! வாயில் இருக்கிற கணக்கு நோட்டுக்கு வர மாட்டேன் என்கிறது. அவன் ஒருவன் மட்டுமல்ல, வகுப்பில் பல பேர் இப்படித்தான் எழுதுகிறார்கள்.

முழுசை எத்தனை சம துண்டாக்கினோம் என்பதைத்தான் பின்னத்தின் பகுதி, அதாவது கீழ் எண், சொல்கிறது. துண்டுகள் ஒரே அளவாக இல்லாதபோது அவற்றை எண்ணிக் கூட்ட முடியாது. வீட்டில் ஒரு தாளை எடுத்து நீளவாக்கில் இரண்டாக மடிக்கச் சொல்லுங்கள். அப்புறம் குறுக்கே மூன்றாக. பிரித்தால் 6 கட்டங்கள். தாளில் பாதி என்பது 3 கட்டம், மூன்றில் ஒன்று என்பது 2 கட்டம். ஆக 1/2 + 1/3 = 5/6. புத்தகத்தில் மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு, அதாவது 2-க்கும் 3-க்கும் பொதுவான மிகச் சிறிய மடங்கு) என்று பயமுறுத்துவது அந்த 6-ஐத்தான்.

வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் மா, மாகாணி பற்றிக் கேட்டுப் பாருங்கள். மா என்றால் 1/20, மாகாணி என்றால் 1/16. வீசம் என்றும் சொல்வார்கள். இரண்டையும் அப்படியே கூட்ட வராது. முந்திரி, அதாவது 1/320, என்ற சின்ன அளவுக்கு மாற்றினால் மா 16 முந்திரி, மாகாணி 20 முந்திரி, மொத்தம் 36 முந்திரி. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி படித்த பிள்ளைகளுக்கு இதெல்லாம் மனப்பாடம்.

இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டிலும் டியூஷனிலும் குறுக்குப் பெருக்கலைச் சீக்கிரமே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அது தப்பான வழி இல்லை. ஆனால் 1/6 + 3/8-க்கு 26/48 என்று எழுதிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 24 துண்டாக்கிப் பார்த்தால் 4-ம் 9-ம் சேர்ந்து நேராக 13/24 வந்துவிடும். மூன்று பின்னம் வந்தால் குறுக்குப் பெருக்கல் பிள்ளைகள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். இந்த மாதம் முடியும்வரை மட்டும் அந்தக் குறுக்கு வழி வேண்டாமே. தப்பாக எழுதினால் தலையில் கொட்டவும் வேண்டாம், "கூட்டினதுக்கு அப்புறம் எப்படிடா குறைஞ்சுச்சு?" என்று கேட்டால் போதும், அவர்களே அழித்துவிட்டுத் திரும்ப எழுதுவார்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை ஆறாம் வகுப்பில் தாள் மடித்துத்தான் பாடம். ஒருபக்கம் எழுதிய பழைய தாள்கள் நான்கைந்து கொடுத்தனுப்புங்கள். புதுத்தாள் வாங்க வேண்டாம். நேரம் இருப்பவர்கள் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தும் பார்க்கலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்