காக்கர் சிட்டிப் பெரியவருக்கும் மற்ற எல்லோருக்கும்

வீடு வந்து சேர்ந்து இரண்டு நாளாகிறது. காக்கர் சிட்டியில் எங்கள் கார் நின்றுபோன கதையைப் போன் செய்த எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. அந்தக் கதை இங்கே வேண்டாம், நன்றி மட்டும்.

'இதோ வண்டி அனுப்புகிறோம்' என்று மூன்று மணி நேரம் காக்க வைத்தவர்களை விட்டுவிடுவோம். அதன்பிறகு வந்து காரைக் கட்டி இழுத்துப்போன தம்பி, ஞாயிற்றுக்கிழமையில் பட்டறையைத் திறந்த மெக்கானிக், இரண்டாம் நாள் வாடகையை வாங்கவே மாட்டேன் என்ற விடுதிக்கார அம்மா, விசிட்டாவிலிருந்து தயிர்சாதத்தோடு வந்து நின்ற குடும்பம், ராத்திரி முழுக்கப் போனில் துணையிருந்த என் அக்கா. உங்கள் ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதுவேன், சத்தியமாக.

இந்த மடல் அந்தப் பெரியவருக்கு. அவர் தமிழ் படிக்கப்போவதில்லை. பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.

பயணத் திட்டம் என் மகன் போட்டது. அமெரிக்காவின் டெக்சாஸில், அமரில்லோ ஊரில் மூக்கை மண்ணில் புதைத்து நிற்கும் பத்து கேடிலாக் கார்கள், கான்சாஸில் ராட்சத நூல் உருண்டை, நெப்ராஸ்காவில் பழைய கார்களை நட்டுவைத்த கார்ஹெஞ்ச். அந்த உருண்டைக்காகத்தான் பெரிய நெடுஞ்சாலையை விட்டு விலகி காக்கர் சிட்டிக்குப் போனோம். அங்கே கார் நின்றதும் அவன் பேச்சும் நின்றுவிட்டது. போனும் கையுமாக அலைந்த நான் அதைக் கவனிக்கவில்லை. அங்கே நின்றிருந்த அந்தப் பெரியவர் கவனித்தார்.

ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் வண்டியிலிருந்து வைக்கோல் கட்டும் கயிற்றுச் சுருளை எடுத்துவந்து, ஒரு நுனியை உருண்டையில் முடிந்துவிட்டு, சுருளை அவன் கையில் கொடுத்தார். "சுற்று" என்றார். அவன் சுற்றச் சுற்றக் கதை சொன்னார். 1953இல் ஃபிராங்க் ஸ்டோபர் என்ற விவசாயி பண்ணையில் மிச்சமான துண்டுக் கயிறுகளைச் சுருட்ட ஆரம்பித்தாராம். 1961இல் உருண்டையை ஊருக்கே கொடுத்துவிட்டார். 1974இல் அவர் போய்ச் சேர்ந்த பிறகும் ஊர் விடவில்லை. வருகிறவர்களும் சேர்த்துச் சுற்றுகிறார்கள், ஆகஸ்டில் அதற்கென்றே விழா எடுக்கிறார்கள்.

"இதைப் பார்க்க வழி விலகித்தான் எல்லோரும் வருகிறார்கள்" என்று நடுவில் சாதாரணமாகச் சொன்னார். அவன் சட்டென்று நின்றான்.

"அம்மா, என்னாலதானே கார் நின்னுபோச்சு?"

அத்தனை நேரமும் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறான், ஒன்பது வயதுப் பிள்ளை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பெரியவருக்கு நாங்கள் பேசியது புரிந்திருக்காது. சுருளைக் காட்டி, இன்னும் நிறைய இருக்கிறதே என்பதுபோலக் கையசைத்தார். நான் போனைப் பைக்குள் போட்டுவிட்டு அவனோடு கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். முப்பத்தோரு சுற்று. எண்ணியது அவன்தான். கடைசியில் தலைசுற்றி, சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

நிமிர்ந்து பார்த்தால் பெரியவர் கிளம்பிவிட்டிருந்தார்.

ஐயா, நன்றி. நீங்கள் விட்டுப்போன முழங்கயிறு எங்களிடம் இருக்கிறது. அதன்மேல் பார்சல் கயிறு, பட்ட நூல், என் தையல்பெட்டி நூல் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கிறான். எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்துவிட்டது. அடுத்த ஆகஸ்டில் கொண்டுவந்து சேர்க்க வேண்டுமாம். வருகிறோம். கியர்பாக்ஸைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன்.