வக்கீலய்யாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

தம்பியின் வழக்கில் விடுதலை என்று தீர்ப்பு வந்து இன்றோடு ஒன்பது நாள். நேற்று காலை ஒன்பது மணிக்கே தம்பி வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றான். இனி வாய்தாவே கிடையாது என்று சட்டென்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவனாகவே சிரித்துக்கொண்டு உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான்.

என்ன நடந்தது என்று நான் எழுதப் போவதில்லை. நம் ஊருக்கும் பக்கத்து மூன்று ஊருக்கும் தெரியும். தெரியாததையும் சேர்த்துப் பேசி முடித்தாயிற்று. அந்தப் பக்கத்திலும் ஒரு வீடு இருக்கிறது, அங்கேயும் ஒரு அம்மா இருக்கிறார். அதனால் இது வெற்றி விழா இல்லை. நன்றி சொல்லாமல் தூக்கம் வராது என்பதால் எழுதுகிறேன்.

முதல் நன்றி வக்கீலய்யாவுக்கு. அவர் பெயரைப் போடவில்லை. போடலாமா என்று கேட்டதற்கு, "வேண்டாம்மா. வக்கீல் விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு பார் கவுன்சில் விதி இருக்கு. 36-ஆம் விதி. நீங்க நன்றின்னு எழுதுவீங்க, அவங்க விளம்பரம்னு படிப்பாங்க" என்றார். சரி, வக்கீலய்யா என்றே இருக்கட்டும். ஊரில் உள்ளவர்களுக்குத் தெரியும்.

அவர் வீட்டுப் படியை மிதிக்க எங்களுக்கு மனமே இல்லை. அவர் செஷன்ஸ் கோர்ட்டில் அரசு வக்கீலாக இருந்த காலத்தில், அவர் நடத்திய வழக்கில்தான் எங்கள் சின்ன மாமா ஏழு வருஷம் உள்ளே போனார். மாமா செய்தாரா என்றால், செய்தார். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். ஆனால் கூடப்பிறந்த தம்பியை உள்ளே அனுப்பிய மனிதரின் பெயரை எங்கள் வீட்டில் பதினைந்து வருஷமாக யாரும் எடுத்ததில்லை.

நாங்கள் முதலில் போய்க் கேட்ட வக்கீல்கள் மூன்று பேரும் கையை விரித்தார்கள். யார் யார் என்பது வேண்டாம், அவர்களுக்கும் ஊரில் இருந்து பிழைக்க வேண்டும். வழக்கறிஞர்கள் கூடித் தீர்மானம் போட்டு ஒருவருக்கு ஆஜராக மறுப்பது செல்லாது என்று 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறதாம், அதுவும் கோயம்புத்தூரில் கிளம்பிய ஒரு வழக்கில். இதை வக்கீலய்யா பிற்பாடு சொன்னார். இங்கே யாரும் தீர்மானம் எல்லாம் போடவில்லை. போன் எடுக்கவில்லை, அவ்வளவுதான். காவலில் இருக்கிறவருக்கு வருமானம் எதுவும் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தர மாவட்டத்துக்கு ஒரு சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது என்பதும் அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. யாருக்காவது உதவும் என்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

கடைசியில் பெரியப்பாதான் சொன்னார்: "பூட்டுப் போட்டவனுக்குத்தான் சாவி எங்கே இருக்குன்னு தெரியும். அந்த ஆளையே போய்ப் பாருங்க."

போனோம். நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் கேட்டுவிட்டார்: "உங்க மாமா கேஸ்ல நான்தான் பீபி. தெரிஞ்சுதானே வந்தீங்க?" தெரியும் என்றேன். "அம்மாவுக்கு?" என்றார். தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசாமல் எப்.ஐ.ஆர். நகலைக் கையில் வாங்கினார். வாங்கியவர் உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கவில்லை, நீதித்துறை நடுவர் கையெழுத்துப் போட்டுத் தேதியும் நேரமும் குறித்திருக்கிற இடத்தைத்தான் முதலில் தேடினார். புகார் எழுதிய நேரத்துக்கும் அது கோர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்த நேரத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று கணக்குப் போட்டார். "அரசுத் தரப்புல நின்னப்போ நான் பயந்த இடம் இதுதான். யாராவது கேட்டுடுவாங்களோன்னு இருக்கும். நிறையப் பேர் கேட்கவே மாட்டாங்க."

இலவசமாக ஒன்றும் வாதாடவில்லை. பீஸ் வாங்கினார், தவணையில் வாங்கினார், ஒவ்வொரு தடவையும் ரசீது கொடுத்தார். அதற்கெல்லாம் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டியதில்லை. நான் எழுத வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி.

குற்றப்பத்திரிகை தாக்கலாகி நகல்கள் எங்கள் கைக்கு வந்த பிறகு, சம்பவ இடத்தைப் பார்க்க வேண்டும் என்று ஸ்கூட்டரில் அவரே வந்தார். தோப்பு, வாய்க்கால் கரை, மோட்டார் கொட்டகை எல்லாவற்றையும் நடந்து பார்த்தார். காலடியால் அளந்தார். திரும்பும்போது வியர்த்து விறுவிறுத்து எங்கள் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா நிலைப்படிக்கு உள்ளேயே நின்றார். அவர் பக்கம் பார்க்கவும் இல்லை. ஆனால் அவர் கையில் இருந்த கேஸ் கட்டைப் பார்த்துக் கேட்டார்:

"அதுல எம் புள்ளையப் பத்தி என்னதான் எழுதியிருக்காங்க?"

அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அதற்கு மேல் எழுத்து தெரியாது. அந்த நகல்கள் வீட்டில் பத்து நாளாக இருந்தன. நானும் தம்பியும் மாற்றி மாற்றிப் படித்தோம். அம்மாவுக்கும் தெரிய வேண்டும் என்று எங்களில் ஒருத்தருக்குமே தோன்றவில்லை. இதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். கட்டின் நாடாவை அவிழ்த்தார். "உக்காருங்கம்மா, வாசிக்கிறேன்" என்றார்.

மொத்தம் 186 பக்கம். புகார், சாட்சிகளின் வாக்குமூலங்கள், சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதிய பார்வை மகசர், மாதிரி வரைபடம், கைப்பற்றிய பொருள்களின் பட்டியல். ஆங்கிலத்தில் இருந்த டாக்டர் சான்றிதழைத் தமிழில் சொன்னார். சாட்சிகளின் வாக்குமூலத்தை, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து 161 என்றுதான் சொல்வார். 2024 ஜூலை 1-லிருந்து சட்டத்தின் பெயரும் பிரிவு எண்களும் மாறிவிட்டன, நம் வழக்கு அதற்கு முந்தியது என்பதால் கடைசி வரை பழைய எண்தான். ஒரு வாக்குமூலத்தையும் சுருக்கவில்லை. தம்பியைப் பற்றி அசிங்கமாக எழுதியிருந்த இடத்திலும் குரலைத் தாழ்த்தவில்லை, வேகமாகத் தாண்டிப் போகவும் இல்லை.

இரண்டாம் பக்கத்திலேயே அம்மா நிறுத்தினார். "எதிரி எதிரின்னு வருதே, யாரு அது?"

"உங்க பையன்தாம்மா. கோர்ட்டுல குற்றம் சாட்டப்பட்டவங்கள அப்படித்தான் எழுதுவாங்க."

"யாருக்கு எதிரி?"

அவர் பதில் சொல்லவில்லை. முப்பது வருஷம் அந்தச் சொல்லோடு புழங்கியவர், கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் வாசிப்பைத் தொடர்ந்தார். அங்கிருந்து கடைசிப் பக்கம் வரை 'எதிரி' என்று வந்த இடத்திலெல்லாம் தம்பி பெயரைச் சொல்லியே வாசித்தார். நான் தம்பியைப் பார்த்தேன். அவன் தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

மூன்றரை மணி நேரம். நடுவில் இரண்டு தடவை மோர். ஒரு தடவை அம்மா எழுந்து உள்ளே போய் அழுதுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். அதுவரைக்கும் விரலைப் பக்கத்தின் நடுவில் வைத்துக்கொண்டு அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

வந்து உட்கார்ந்த அம்மா கேட்ட கேள்விதான் என்னால் மறக்க முடியாதது. "என் தம்பி கட்டையும் இப்படித்தான் வாசிச்சீங்களா?"

"வாசிச்சேன்ம்மா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "உங்களுக்கு வாசிச்சுக் காட்டல" என்றார்.

மாமா வழக்கில் செத்துப்போனவனின் அம்மாவும் கோர்ட் வராந்தாவில் எத்தனையோ நாள் வந்து உட்கார்ந்திருந்தார்களாம். அவர்களுக்கும் தான் எதையும் வாசித்துக் காட்டியதில்லை என்று அவராகவே சொன்னார். அதற்கு அப்புறம் அம்மா அவரை 'அந்த ஆள்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. மன்னித்துவிட்டார் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன், அது அம்மாவுக்கும் அவருக்கும் உள்ள விஷயம். ஆனால் மோர் மூன்றாம் தடவை வந்தபோது அம்மாவே கொண்டுவந்து கொடுத்தார்.

அப்புறம் அந்தத் தென்னை. ஒரு சாட்சியின் வாக்குமூலத்தில், 'மேற்கு வேலி ஓரம் உள்ள தென்னை மரத்தடியில் நின்று பார்த்தேன்' என்று இருந்தது. அம்மா சட்டென்று, "எந்தத் தென்னை? அது கஜாவுலயே போயிடுச்சே" என்றார். 2018 நவம்பர் 16 விடிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரை ஏறி நம் தோப்புகளை எல்லாம் படுக்கப் போட்ட அதே கஜா புயல்தான். எந்த மரம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது அம்மாவுக்கு மனப்பாடம். நாங்கள் படித்தோம், வக்கீல் படித்தார், எங்கள் கண்ணில் அது படவில்லை. காலடியால் அளந்து பார்த்துவிட்டு வந்தவரே, "மரத்தைக் காணோமேன்னு பார்த்தேன், இடையில வெட்டியிருப்பீங்கன்னு நினைச்சேன்" என்று ஒத்துக்கொண்டார். ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

குறுக்கு விசாரணையில் அதைக் கேட்டார். ஒரே கேள்வி. "அந்த மரம் இப்போ இருக்கா?" சாட்சி, "இருக்கு... இருந்துச்சு" என்றார். அவரைக் கேலி பண்ணவில்லை, குரலை உயர்த்தவில்லை, அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். எங்களுக்கு ஏமாற்றமாக இருந்தது. வெளியே வந்து கேட்டதற்கு, "அவரும் நம்ம ஊர்க்காரர்தானேம்மா, நாளைக்குக் கடைத்தெருவுல பார்க்கணும்ல" என்றார்.

இவ்வளவு காலம் தண்டனை வாங்கிக் கொடுத்துவிட்டு இப்போது விடுதலை வாங்கித் தருகிறீர்களே, எப்படி என்று ஒருநாள் துடுக்காகக் கேட்டேன். கோபப்படவில்லை. பார் கவுன்சில் விதிகளில் 15-ஆவது, குற்றம் சாட்டப்பட்டவர் செய்தாரா இல்லையா என்ற நம் சொந்த எண்ணத்தை ஒதுக்கிவிட்டு அவருக்காக வாதாட வேண்டும் என்கிறதாம். 16-ஆவது, அரசுத் தரப்பில் நிற்கிற வக்கீல் நிரபராதிக்குத் தண்டனை கிடைக்கிற மாதிரி வழக்கை நடத்தக் கூடாது என்கிறதாம். "ரெண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. நான் வீடுதான் மாறினேன், தெரு மாறல" என்றார். மாமா வழக்கைப் பற்றி அன்றைக்கும் நான் கேட்கவில்லை.

இனி மற்றவர்கள். தனித்தனியாக எழுதினால் இரவு போதாது, கோபித்துக்கொள்ளாதீர்கள். வீட்டு வரி ரசீதையும் ரேஷன் கார்டையும் தூக்கிக்கொண்டு ஜாமீன் நின்ற இரண்டு அண்ணன்கள். விடுதலைக்குப் பிறகும், அப்பீல் போனால் ஆஜராக வேண்டும் என்று ஆறு மாதத்துக்குப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கும் முகம் சுளிக்காமல் திரும்ப வந்தார்கள். தம்பி திருச்சி மத்திய சிறையில் இருந்தபோது மனு போட்டுப் பார்க்க என்னோடு துணைக்கு வந்த சித்திகள். ஒரு வாய்தாவுக்கும் காத்திருப்புக் கூலி கேட்காத ஆட்டோ அண்ணன். எங்கள் வழக்கு எத்தனையாவதாகக் கூப்பிடுவார்கள் என்று ஓடி ஓடிப் பார்த்துச் சொன்ன குமாஸ்தா. கோர்ட் வாசல் டீக்கடையில் தம்பியிடம் மட்டும் காசு வாங்காத பெரியவர். எங்கள் வீட்டுக்கு வரக் கூடாது என்று அவரவர் வீட்டில் சொல்லியும், கொல்லை வழியாக வந்து போன நூறு நாள் வேலை அக்காக்கள். எல்லோருக்கும் கை கூப்பிக் கும்பிடு. வராதவர்கள் மீதும் வருத்தம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது, போய்விடும்.

ஒன்று மட்டும் முடிவு பண்ணியிருக்கிறேன். கேஸ் கட்டை வைத்துக்கொண்டு வாசிக்கத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிற அம்மா, அப்பா யாராக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் திண்ணைக்கு வரலாம். எந்தத் தரப்பாக இருந்தாலும் சரி. எனக்குச் சட்டம் தெரியாது, ஆலோசனை சொல்ல மாட்டேன். வாசித்துக் காட்டுவேன், ஒரு வரியும் விடாமல். இதைச் சொல்லி வைத்த மறுநாளே கீழத்தெருவிலிருந்து ஒரு அம்மா மஞ்சள் பையோடு வந்துவிட்டார். வருகிற ஞாயிறு பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

கடைசியாக, அம்மா எழுதச் சொன்னது. தீர்ப்பு 41 பக்கம். நீதிபதி எதை எதையோ அலசியிருக்கிறார். எப்.ஐ.ஆர். தாமதம் வருகிறது, மகசர் சாட்சிகள் வருகிறார்கள். தென்னை மரம் ஒரு வரியில்கூட இல்லை. முழுத் தீர்ப்பையும் நானே வாசித்துக் காட்டிவிட்டேன். அம்மா நம்பவில்லை. எங்கேயோ ஒரு பக்கத்தை நான் விட்டுவிட்டேன் என்றும், கேஸை ஜெயித்தது அந்தத் தென்னைதான் என்றும் எழுதச் சொல்கிறார். எழுதிவிட்டேன்.