குளிசை தீர்ந்த கிழமை

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழுந்து பறிக்கும் என் அக்காவுக்கு மனச்சோர்வு. கிளினிக்கில் செர்ட்ரலின் கொடுத்தார்கள். அது மூளையில் செரடோனின் என்ற இரசாயனம் திரும்ப உறிஞ்சப்படுவதைக் குறைக்கும் மருந்து. மனம் தெளியச் சில கிழமைகள் பிடிக்கும். குமட்டலும் தூக்கக் குழப்பமும்தான் முதலில் வரும். இதை யாராவது தமிழில் சொல்லியிருந்தால் அக்கா அவ்வளவு பயந்திருக்க மாட்டார்.

சரி, அதுவும் பழகிச் சிரிக்கத் தொடங்கினார். அப்புறம் ஒரு கிளினிக் நாளில் பேர், அதாவது அன்றைய நாட்சம்பளம், போய்விடும் என்று கொழுந்து மலைக்கே போய்விட்டார். குளிசை தீர்ந்தது. சில நாட்களில் தலைசுற்றல், எரிச்சல். தலையைத் திருப்பினால் உள்ளே கரண்ட் அடித்த மாதிரி ஒரு வெட்டு. நாங்கள் குடியிருக்கும் லயத்தில் 'போதைக் குளிசை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். போதையல்ல. திடீரென நிறுத்தினால் இப்படி வரலாம். அதனால்தான் டொக்டர்கள் அளவைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள், அதுவும் சுகமாகி ஆறு மாதமாவது கழித்து.

கிளினிக் துண்டு காட்டுபவருக்குத் தோட்டங்கள் பேர் போடட்டும். குளிசை உறையில் 'கேட்காமல் நிறுத்த வேண்டாம்' என்று தமிழில் எழுதட்டும். மனநல உதவி இலக்கமான 1926ஐயும் அதிலேயே அச்சிடலாம், இடம் இருக்கிறது.

தோட்டப் பாடசாலை ஆசிரியை,
மஸ்கெலியா.