எரிமலைக் கண்காணிப்புக்கு நிதி ஒதுக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

எரிமலை பல ஆண்டுகளாக அமைதியாக இருக்கிறது, நிலத்தின் அசைவை ரேடார் செயற்கைக்கோள்களே பதிவு செய்துவிடுகின்றன, அப்படியிருக்க மலைச்சரிவில் நின்று அதே அசைவை அளக்கும் ஜிபிஎஸ் நிலையங்களுக்குப் பராமரிப்புச் செலவு எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் நிலையங்களை மூடுவது அதற்கு விடையாகாது.

ரேடார் பரந்த நிலப்பரப்பை ஒருசேரக் காட்டும் என்பதில் ஐயமில்லை. எனினும் சென்டினல்-1 வகைச் செயற்கைக்கோள் ஒன்று அதே பாதைக்குத் திரும்ப 12 நாளாகும். அதன் பார்வைக் கோட்டில் வராத வடக்கு-தெற்கு நகர்வு பெரும்பாலும் அதற்குத் தப்பிவிடும். 2023 நவம்பர் 10 அன்று ஐஸ்லாந்தின் கிரின்டாவிக் ஊருக்கடியில் மாக்மா (நிலத்தடிப் பாறைக்குழம்பு) சில மணி நேரத்திலேயே சுமார் 15 கி.மீ. நீளத்துக்கு ஊடுருவியது, அன்றிரவே ஊர் காலி செய்யப்பட்டது. அத்தகைய வேகத்துக்கு ஈடுகொடுப்பவை நிலநடுக்கமானிகளும், இடைவிடாது பதிவு செய்யும் ஜிபிஎஸ் நிலையங்களுமே.

அமைதியான ஆண்டுகளின் பதிவு வீண் என்ற எண்ணம்தான் எனக்குக் கவலையளிக்கிறது. காற்றிலுள்ள ஈரப்பதம், செயற்கைக்கோளிலிருந்து நிலையத்துக்கு வரும் ஜிபிஎஸ் சமிக்ஞையைத் தாமதப்படுத்துகிறது. செங்குத்து அளவீட்டின் பிழை கிடைமட்டப் பிழையைப் போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கும். பருவந்தோறும் நீரும் பனியும் தம் எடையால் நிலத்தை அழுத்தி, விலகும்போது மீளவிடுகின்றன. ஆண்டெனாவை மாற்றிய நாளில் வரைபடத்தில் சில மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒரு படி விழக்கூடும். மாற்றிய தேதியைக் குறித்து வைக்காவிட்டால், பின்னால் பார்ப்பவர் அதை நிலம் உயர்ந்ததாகவே படிப்பார். இவற்றையெல்லாம் கழித்த பிறகே மாக்மாவின் அழுத்தம் புலப்படும். கழிப்பதற்குப் பல ஆண்டுத் தொடர்ப் பதிவு வேண்டும். நிலம் உயர்ந்தாலே எரிமலை வெடித்துவிடும் என்பதுமில்லை: இத்தாலியில் எரிமலைப் பகுதியிலுள்ள பொட்சுவோலி நகரின் நிலம் 1982-84 காலத்தில் சுமார் 1.8 மீட்டர் உயர்ந்தும் வெடிப்பு நிகழவில்லை.

சிக்கனம் என்றதும் முதலில் கைவைக்கப்படுவது, உச்சியிலிருந்து தொலைவில், அசைவே காட்டாமல் நிற்கும் நிலையங்களில்தான். ஜப்பானிய அறிஞர் மோகி 1958-இல் முன்வைத்த மாதிரியின்படி, நிலம் மேலெழும் அளவும் பக்கவாட்டில் விலகும் அளவும் தொலைவுக்கேற்ப எப்படிக் குறைகின்றன என்பதிலிருந்தே மாக்மாவின் அழுத்தம் எந்த ஆழத்தில் உள்ளது என்பது கணிக்கப்படுகிறது. உச்சிக்கருகே மட்டும் அளந்தால் ஆழத்திலுள்ள பெரிய அழுத்தத்தையும் மேலேயுள்ள சிறிய அழுத்தத்தையும் பிரித்தறிவது கடினம்.

ஆகவே, குறைத்தே தீரவேண்டுமென்றால் எந்த நிலையத்தை என்பதைத் தரவைக் கையாளும் ஆய்வாளர்களே முடிவு செய்யட்டும். ஆண்டெனா, ரிசீவர் மாற்றங்களின் பதிவேட்டையும் மூலத் தரவையும் பொதுவில் வையுங்கள். ஒதுக்கீட்டை ஆண்டுதோறும் புதுப்பிக்காமல், குறைந்தது பத்தாண்டுக்கு உறுதி செய்யுங்கள்.

இங்ஙனம்,
நில அளவீட்டுத் தரவைப் பயன்படுத்துவோரில் ஒருவர்