பிளாஸ்டிக் குருணையை அபாயச் சரக்கு என்று அறிவியுங்கள்: கப்பல் போக்குவரத்து அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஒன்றிய கப்பல் போக்குவரத்து அமைச்சர் அவர்களுக்கும், கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரக அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

2025 மே 24 அன்று கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்திலிருந்து கொச்சிக்குப் போய்க்கொண்டிருந்த எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் நடுக்கடலில் சாய்ந்தது. மறுநாள் மூழ்கிவிட்டது. அதில் இருந்த 24 பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள். அந்த மழைக்காலக் கடலில் இறங்கி அவர்களைக் காப்பாற்றிய கடலோரக் காவல்படைக்கும் கடற்படைக்கும் முதலில் எங்கள் நன்றி. கடலுக்குப் போனவர் திரும்பி வருவதன் அருமை எங்கள் கரைக்கு நன்றாகத் தெரியும்.

அந்தக் கப்பலில் அறுநூற்றுக்கும் மேற்பட்ட பெட்டகங்கள் (கன்டெய்னர்கள்) இருந்தன. அவற்றில் 13 பெட்டகங்கள் மட்டுமே அபாயச் சரக்கு என்று பதிவானவை. பெரும்பாலும் கால்சியம் கார்பைடு; தண்ணீர் பட்டால் தீப்பற்றும் வாயுவைக் கக்கும் வேதிப்பொருள். தொலைக்காட்சிகள் எல்லாம் அந்தப் பதிமூன்றைப் பற்றியும் எண்ணெய்க் கசிவைப் பற்றியும்தான் பேசிக்கொண்டிருந்தன. ஆனால் கேரளக் கரையிலும், சில நாளில் எங்கள் குமரிக் கரையிலும், ஜூன் மாதம் இலங்கையின் வடக்கே மன்னார் பக்கத்திலும் வந்து ஒதுங்கியது வேறு சரக்கு. சாதாரணச் சரக்கு என்ற கணக்கில் ஏற்றப்பட்ட பிளாஸ்டிக் குருணை.

பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜவ்வரிசி மாதிரி இருக்கும். ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவு. வாளி, பை, நாற்காலி, தண்ணீர்ப் புட்டி என்று நாம் பயன்படுத்தும் எந்த பிளாஸ்டிக் பொருளும் முதலில் இந்தக் குருணைதான். கச்சா எண்ணெயிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும் செய்து, 25 கிலோ மூட்டைகளில் கட்டி, பெட்டகத்தில் ஏற்றி உலகம் முழுக்க அனுப்புகிறார்கள். பெட்டகம் கடலில் விழுந்து மூட்டை கிழிந்தால் கோடிக்கணக்கில் சிதறும். மிதக்கும். நீரோட்டம் போகும் இடமெல்லாம் போகும். தண்ணீரில் ஏற்கெனவே கலந்திருக்கும் நச்சுகளைத் தன் மேல் ஈர்த்துக்கொள்ளும். மீனும் பறவையும் அதை முட்டை, சினை என்று நினைத்து விழுங்கும்.

கரையில் ஒதுங்கியதை எடுப்பது எவ்வளவு கடினம் என்று கோப்பில் படித்தால் புரியாது. எண்ணெய் படிந்தால் கண்ணுக்குத் தெரியும். இது மணலோடு மணலாகக் கலந்துவிடும். இயந்திரம் வைத்து அள்ளினால் கரை மணலும் சேர்ந்து போய்விடும். அதனால் முறமும் சல்லடையும் துடைப்பமும் வைத்து மனிதர்கள்தான் பொறுக்க வேண்டியிருக்கிறது. தூய்மைப் பணியாளர்கள், தன்னார்வலர்கள், மீனவப் பெண்கள். காலையில் பொறுக்கிய இடத்தில் சாயங்காலம் அலை மறுபடியும் கொண்டுவந்து போடும். எடுத்தது கொஞ்சம், மணலுக்குள் போனது எவ்வளவு என்று யாராலும் கணக்குச் சொல்ல முடியாது.

இது எதிர்பாராமல் வந்த விபத்து என்று சொல்லி முடித்துவிட முடியாது. எல்சாவுக்கு நான்கு வருடங்களுக்கு முன்பே கொழும்புக் கடலில் இது நடந்தது. 2021 மே 20 அன்று எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலில் தீப்பிடித்தது. அது கடலில் இறங்கிச் சில மாதங்களே ஆன புதுக் கப்பல். நாள்கணக்கில் எரிந்து, கடைசியில் மூழ்கியது. ஏறக்குறைய 1,680 டன் குருணை கடலில் கலந்ததாக மதிப்பிட்டார்கள். நீர்கொழும்புப் பக்கம் கரை வெள்ளையாகிவிட்டது. எரிந்து கட்டிதட்டிய குருணையும் சேர்ந்து ஒதுங்கியது. நானூறுக்கும் மேற்பட்ட கடலாமைகள் செத்துக் கரை சேர்ந்தன. ஓங்கில்களும் (டால்பின்கள்) திமிங்கிலங்களும் செத்தன. மீன்பிடிக்கத் தடை போட்டார்கள். தடை இல்லாத இடத்தில் பிடித்த மீனையும் வாங்க மக்கள் பயந்தார்கள். எல்சா மூழ்கிய பிறகு கேரளத்திலும் அதே பயம்தான். பயப்படுபவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு விலை கொடுத்தவர் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த பெண்.

எக்ஸ்-பிரஸ் பேர்ல் கதையில் உங்கள் அமைச்சகம் கவனிக்க வேண்டிய ஒரு பகுதி உண்டு. கொழும்புக்கு வரும் முன்பே அந்தக் கப்பலில் ஒரு பெட்டகத்திலிருந்து நைட்ரிக் அமிலம் கசிந்துகொண்டிருந்தது. அதை இறக்கிக்கொள்ளும்படி கத்தாரின் ஹமாத் துறைமுகத்தையும் குஜராத்தின் ஹசீரா துறைமுகத்தையும் கேட்டதாகவும், இரண்டும் மறுத்துவிட்டதாகவும் கப்பல் நிறுவனம் சொன்னது. கசியும் பெட்டகத்தோடு நிற்கும் கப்பலை ஒவ்வொரு துறைமுகமும் அடுத்த துறைமுகத்துக்குத் தள்ளிவிட்டால், முடிவில் அது யாருடைய கரையிலாவது வெடிக்கத்தான் செய்யும். ஆபத்திலிருக்கும் கப்பலை ஏற்றுக் கையாள மேற்குக் கரையில் ஒன்று, கிழக்குக் கரையில் ஒன்று என்று துறைமுகங்களைக் குறித்து, அதற்கான ஆட்களும் கருவிகளும் அங்கே தயாராக இருக்க வேண்டும். விழிஞ்ஞம் போன்ற பெரிய துறைமுகங்களைத் திறந்து, குமரி முனையைச் சுற்றிப் பெட்டகக் கப்பல்களை அதிகமாக ஓடவிடும் அரசுக்கு இது கூடுதல் கடமை.

சரி, உலகம் இதைப் பற்றி என்ன செய்தது? கொழும்பு விபத்துக்குப் பிறகு, குருணையை அபாயச் சரக்காக வகைப்படுத்த வேண்டும் என்று கப்பல் போக்குவரத்துக்கு உலக விதிகளை வகுக்கும் ஐ.நா. அமைப்பான சர்வதேசக் கடல்சார் அமைப்பிடம் இலங்கை கேட்டது. 2024-இல் அந்த அமைப்பு ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. நல்ல உறையில் கட்டுங்கள், பெட்டகத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெளிவாக எழுதுங்கள், முடிந்தால் மேல்தளத்தின் ஓரத்தில் அடுக்காமல் கீழே வையுங்கள் என்கிறது அது. மூன்றும் சரியான யோசனைகள்தான். ஆனால் யோசனைகள் மட்டுமே. கடைப்பிடிக்காவிட்டால் யாருக்கும் தண்டனை இல்லை. அடுத்த ஆண்டே எல்சா மூழ்கியது. அந்த அமைப்பின் மன்றத்தில் இந்தியா உறுப்பினர். இவ்வளவு நீளக் கடற்கரை உள்ள நாடு, சொந்தக் கரையில் குருணை அள்ளிய நாடு, இலங்கையோடு சேர்ந்து எழுந்து நின்று இதைக் கட்டாய விதியாக்கச் சொல்ல வேண்டும். இதுதான் இந்த மடலின் முதல் கோரிக்கை. சர்வதேச விதி வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. இந்தியத் துறைமுகத்தில் ஏற்றி இறக்கும் குருணைப் பெட்டகங்களுக்கு நாமே விதி போடலாம்.

அடுத்தது இழப்பீடு. கப்பல் விபத்தில் உரிமையாளர் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதற்கு உச்சவரம்பு வைக்கும் ஓர் உடன்படிக்கை 1976-இலிருந்து இருக்கிறது. அந்த வரம்பைக் கப்பலின் டன் கொள்ளளவை வைத்துக் கணக்கிடுகிறார்கள். எவ்வளவு கடல் பாழானது, எத்தனை குடும்பம் வருமானம் இழந்தது என்பதற்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. எக்ஸ்-பிரஸ் பேர்ல் விஷயத்தில் லண்டன் நீதிமன்றம் 2023-இல் ஒத்துக்கொண்ட வரம்பு 1.9 கோடி பவுண்டு. இலங்கை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் விதித்ததோ 100 கோடி டாலர். கொடுக்க முடியாது என்று நிறுவனம் சொல்லிவிட்டது. எல்சாவுக்காகக் கேரள அரசு 9,531 கோடி ரூபாய் கேட்டு வழக்குப் போட்டிருக்கிறது. அந்த வழக்கு நடக்கட்டும். இதற்கிடையில் கேரளத்தில் பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களுக்கு அவசர உதவியாக அறிவிக்கப்பட்டது 1,000 ரூபாயும் ஆறு கிலோ அரிசியும். அதையும் கொடுத்தது மாநில அரசு. குமரி மாவட்டத்து இழப்பை யார் கணக்கெடுத்தார்கள், எந்த வழக்கில் அது சேர்ந்திருக்கிறது என்று எங்கள் மக்களுக்கு நீங்கள் சொல்ல வேண்டும். எங்கள் மேற்குக் கரையில் ஜூன் 1-இலிருந்து விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த மாதங்களில் கடலை நம்பியிருப்பது நாட்டுப்படகும் வள்ளமும், கரையில் நின்று இழுக்கும் கரைமடி வலையும்தான். குருணை வந்தது சரியாக அந்த நேரத்தில்.

இன்னொன்றையும் கேட்கிறேன். ஒரு கப்பல் சாய்ந்த அன்றே அதன் சரக்குப் பட்டியல் பொதுவெளிக்கு வர வேண்டும். எல்சாவின் முழுப் பட்டியல் மக்கள் பார்வைக்கு வருவதற்குள் குருணை கரை சேர்ந்துவிட்டது. ஒதுங்கும் பெட்டகத்தைத் தொடலாமா, கூடாதா என்று கரையில் நிற்பவருக்குத் தெரிய வேண்டாமா? 2017-இல் ஒக்கி புயல் வந்தபோது தகவல் எங்களை வந்தடையத் தாமதமானது; அதற்கு நாங்கள் கொடுத்த விலை உயிர்கள். எங்கள் ஊர்களில் அவசரச் செய்தியைக் கோயில் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். தமிழில், ஒரு பக்கத்தில் தகவல் அனுப்பினால் போதும். அரை மணி நேரத்தில் நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை எல்லா ஊருக்கும் போய்ச் சேரும்.

இதெல்லாம் சரக்கைப் பத்திரமாகக் கொண்டுபோவது பற்றியது. உலகம் ஆண்டுக்கு 40 கோடி டன்னுக்கும் மேல் பிளாஸ்டிக் செய்கிறது. மறுசுழற்சிக்குப் போவது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. உற்பத்தி கூடிக்கொண்டே போனால் எவ்வளவு நல்ல விதி இருந்தாலும் பெட்டகங்களின் எண்ணிக்கை கூடும், விழுவதும் கூடும். உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கைக்கான பேச்சு 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் முடிவில்லாமல் கலைந்தது. அது உங்கள் துறையின் வேலை இல்லை என்று தெரியும். ஆனாலும் அமைச்சரவையில் கடலைப் பற்றிப் பேசும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும், பாக் விரிகுடாவில் கடல்பசுக்கள் மேயும் புல்வெளிகளும் இந்த நீரோட்டத்தின் பாதையில்தான் இருக்கின்றன என்பதை அங்கே சொல்லுங்கள்.

சர்வதேசக் கடல்சார் அமைப்பின் அடுத்த சுற்றுச்சூழல் குழுக் கூட்டத்தில் இந்தியா என்ன நிலைப்பாடு எடுக்கப்போகிறது என்பதைக் கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குமரி மேற்குக் கடற்கரையிலிருந்து ஒருவர்