துணி நாப்கினைக் காயப்போட ஓர் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாதவிடாய்க்குக் கழுவிப் பாவிக்கும் துணி நாப்கினுக்கு மாறச் சொல்லி எங்கள் மலையகப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் அடிக்கடி கூட்டம் போடுகிறார்கள். நல்ல விஷயம்தான். பொகவந்தலாவையில் தையல் வேலை செய்யும் நானும் அவற்றைத் தைத்துக் கொடுக்கிறேன். ஆனால், அதை எங்கே காயப்போடுவது என்று கூட்டத்தில் யாரும் சொல்லக் காணோம்.

மே மாதம் மழை பிடித்தால் செப்டெம்பர் வரை இங்கே நல்ல வெயில் அபூர்வம். பள்ளிச் சட்டையையே அடுப்புக்கு மேலே கம்பி கட்டித்தான் காயவைக்கிறோம். அப்பா, தம்பி, மாமனார் எல்லோரும் குளிர்காய வந்து உட்காருவதும் அதே அடுப்படியில்தான். அங்கே எந்தப் பிள்ளை இதைக் கொண்டுவந்து போடும்? கட்டிலுக்கு அடியிலோ பாவாடைக்குள் மறைத்தோ போடுகிறார்கள். ஈரம் போகாத துணியை மறுபடி வைத்தால் அரிப்பும் புண்ணும்தான். எங்கள் அம்மாமார் பழைய சேலைத்துணியை விட்டுக் கடை நாப்கினுக்குப் போனது இதனால்தான். அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

கடை நாப்கினில் பெரும்பாலும் பிளாஸ்டிக் கலந்திருக்கிறது. குப்பை வண்டி வராத தோட்டப் பிரிவுகளில் அது தேயிலைச் செடிக்கு அடியிலும் தண்ணீர் ஓடும் கானிலும் போய்ச் சேர்கிறது. எங்கள் கான் தண்ணீர் கெசல்கமு ஓயா என்ற ஆற்றில் விழுந்து காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. அந்த ஓயா கீழே மஸ்கெலி ஓயாவோடு சேர்ந்துதான் களனி கங்கை. கொழும்பு மக்கள் குடிக்கிற தண்ணீர் அது.

2017 இல் சாப்பாடு சுற்றும் பொலித்தீன் தாளான லஞ்ச் சீட்டைத் தடைசெய்தபோது, மலைக்குக் கொண்டுபோகும் ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொள்வது எங்களுக்குப் பெரிய காரியமாக இல்லை. அந்தத் துணியை எல்லோர் கண்ணெதிரிலும் கொடியில் போடலாம். இதைப் போட முடியாது.

அதனால் நான் நாப்கினைத் தடித்த ஒரே பட்டையாகத் தைப்பதில்லை. அப்படித் தைத்தால் நடுவில் ஈரம் நின்றுவிடும். பட்டன் வைத்த மேல் உறை தனி, உள்ளே மடித்து வைக்கும் துவாய்த்துணி தனி. கழுவியதும் உள்துணியை முழுக்க விரித்துவிடலாம். அடர்சிவப்புச் சீத்தைத் துணியில் தைத்துக் கொடுத்தபோது ஒரு பிள்ளை, "அக்கா, இது கைதுடைக்கிற துணி மாதிரியே இருக்கே, வாசலிலேயே போடலாம்" என்றாள். முதலில் பச்சைத்தண்ணீரில் ஊறப்போட வேண்டும்; சுடுதண்ணீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். அப்புறம் சவர்க்காரம் போதும்.

மாதவிடாயை உள்ளேயே ஏந்திக்கொள்ளும் சிலிக்கன் கப் என்றால் காயவைக்கும் கவலையே இல்லை. பன்னிரண்டு மணி நேரம் வரை தாங்கும் என்பதால், கழிப்பறை இல்லாத மலையில் நாள் முழுக்கக் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு உதவும். ஆனால் அதற்கும் கழுவச் சுத்தமான தண்ணீர் வேண்டும், கொதிக்கவைக்கத் தனிப் பாத்திரம் வேண்டும்.

தோட்ட நிர்வாகங்களிடமும் தொழிற்சங்கங்களிடமும் கேட்பது இதுதான்: தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாக இருக்கும் ஒவ்வொரு லயத்துக்கும் வெளிச்சம் விடும் கூரைத்தகரம் போட்ட, கதவுள்ள, உள்ளே தண்ணீர்ப் பீலி வைத்த ஒரு சின்னக் கொட்டகை கட்டிக் கொடுங்கள். தோட்டங்களில் கட்டும் புதுவீடுகளின் வரைபடத்திலும் அதைச் சேருங்கள். அரசிடமும் ஒன்று கேட்கிறேன்: 2024 இல் பாடசாலை மாணவிகளுக்கு நாப்கின் வாங்க 1200 ரூபாய் வவுச்சர் வந்ததே, அப்படிக் கொடுக்கும்போது விரும்பும் பிள்ளை துணி நாப்கினையும் வாங்கிக்கொள்ள அனுமதியுங்கள். அடுத்த மழைக்கு முன் ஒரு லயத்திலாவது கொட்டகை எழும்பினால், அங்குள்ள பெண்களுக்குத் தைக்கச் சொல்லிக்கொடுக்க நான் வருகிறேன்.

இப்படிக்கு,
தையல் தொழில் செய்யும் ஒரு வாசகி,
பொகவந்தலாவை